சொந்த ஏரியா அணிக்கு நாமே விசில் ஊதலாமா?

1. வியாசை விசில் (ஞாயிறு, இரவு 10:50)

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வயது 41. பாரிமுனையில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. வார இறுதியில் கால்பந்து ரெஃப்ரி. மாவட்ட அளவில் தேர்வு எழுதித் தேறி ஒன்பது வருடம் ஆகிறது. வியாசர்பாடியில் பிறந்தேன், இப்போதும் அங்கேதான் குடியிருக்கிறேன். எங்கள் பகுதியை ஏன் குட்டி பிரேசில் என்கிறார்கள் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்று காலை ஒரு செவன்ஸ் போட்டி, அணிக்கு ஏழு பேர். அரையிறுதி. ஒரு பக்கம் எங்கள் தெருப் பையன்கள், மறுபக்கம் காசிமேட்டு அணி. ஊத வேண்டிய ரெஃப்ரி வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அமைப்பாளர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "நீங்கதான் இருக்கீங்களே" என்றார். நான் காசிமேட்டுக் கோச்சிடம் போய், நான் இந்த ஏரியாக்காரன், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். "உங்களைத் தெரியாதா அண்ணே, ஊதுங்க" என்றார். அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

1-1. முடிய மூன்று நிமிடம். காசிமேட்டுப் பையன் அடித்த பந்து எங்கள் டிஃபெண்டர் மேல் பட்டது. விசில் ஊதி, பெனால்டி புள்ளியைக் காட்டினேன். கோல். எங்கள் பையன்கள் வெளியே.

மதியம் யாரோ மொபைலில் எடுத்த வீடியோ வந்தது. பதினைந்து தடவையாவது பார்த்திருப்பேன். பந்து பட்டது தோளில். 2020-ல் விதியைத் தெளிவாக்கினார்களே, அக்குளின் அடிமட்டத்துக்கு மேலே இருப்பது தோள், கீழே இருப்பதுதான் கை என்று. அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே.

தப்பான தீர்ப்பு எல்லா ரெஃப்ரிக்கும் வரும். அதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. விசிலை வாயில் வைத்த அந்த நொடியில் எனக்குள் ஒன்று ஓடியது: 'இதை விட்டால், நம்ம ஆளுக்கு ஊதினான் என்பார்கள்.' பந்து எங்கே பட்டது என்ற கேள்விக்கு முன்னால் அதுதான் வந்தது. அப்படியென்றால் நான் நேர்மையாக ஊதினேனா, பயந்து ஊதினேனா?

கோல்கீப்பரின் அம்மா எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருக்கிறார். சாயங்காலம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

2. தெருமுனை லெக்ஸ்பின் (ஞாயிறு, இரவு 10:58)

ஒத்துக்கொண்டதே தப்பு தலைவா. மற்றதெல்லாம் அப்புறம்.

3. அல்லிக்கேணிப் பெரிசு (ஞாயிறு, இரவு 11:35)

தம்பி, உங்கள் கதையைப் படித்ததும் எனக்கு ஒரே ஒரு விரல்தான் ஞாபகம் வந்தது. கிரிக்கெட் அம்பயர் விக்ரம்ராஜுவின் விரல்.

1986 செப்டம்பர் 22. எனக்கு 19 வயது. வீட்டிலிருந்து சேப்பாக்கத்துக்கு நடந்தே போய்விடலாம். ஐந்தாம் நாள், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 348 அடிக்க வேண்டும். முந்தின நாள்களில் டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்ததையும், கபில் 119 அடித்து ஃபாலோ ஆனைத் தவிர்த்ததையும் பார்த்தாகிவிட்டது. கவாஸ்கர் 90-ல் போனார். கடைசி ஓவர், 4 ரன், ஒரு விக்கெட். கிரெக் மேத்யூஸ் போடுகிறார். இரண்டாவது பந்தில் சாஸ்திரி இரண்டு, மூன்றாவதில் ஒன்று. ஸ்கோர் சமம். இனி நாம் தோற்க முடியாது. நாலாவது பந்தை மணிந்தர் சிங் எப்படியோ தடுத்தார். ஐந்தாவது காலில் பட்டது. விரல் மேலே போனது, அவுட். டை. டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது டை. மூன்றாவது இன்னும் வரவில்லை.

கவனியுங்கள், அந்த மேட்சில் நின்ற இரண்டு அம்பயரும் இந்தியர்கள்தான். விக்ரம்ராஜு, தோத்திவாலா. சொந்த மண், சொந்த அணி, கடைசி ஆள், ஒரு ரன் எடுத்தால் வெற்றி. விரலை மடக்கிக்கொண்டு நின்றிருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். மணிந்தரோ பேட்டில் பட்டது, அதனால் அவுட் இல்லை என்று பின்னாலும் சொல்லிக்கொண்டே இருந்தார். விக்ரம்ராஜு தன் முடிவை மாற்றிச் சொல்லவில்லை. அவர் நின்றது மொத்தமே இரண்டு டெஸ்ட். அதுதான் இரண்டாவது.

பேட்டில் பட்டதா? நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. ஆனால் என்னைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்கள்.

அதே வருடம் நவம்பரில் லாகூரில் பாகிஸ்தான் – வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட். பாகிஸ்தான் கேப்டன் இம்ரான் கான் உள்ளூர் அம்பயர் வேண்டாமென்று நின்றார். இந்தியாவிலிருந்து வி.கே. ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் போனார்கள். 1912-க்குப் பிறகு டெஸ்டில் மூன்றாம் நாட்டு அம்பயர்கள் நின்றது அப்போதுதான். பாகிஸ்தான் இரண்டாவது இன்னிங்ஸில் 77-க்குச் சுருண்டு, இன்னிங்ஸ் தோல்வி. ஆனாலும் இம்ரான் அந்த யோசனையை விடவில்லை. ஜெயித்தால் அம்பயர் ஜெயிக்க வைத்தார் என்கிறார்கள், அந்தப் பேச்சே எங்களுக்கு வேண்டாம் என்பதுதான் அவர் கட்சி.

இரண்டும் இரண்டு மாத இடைவெளியில் நடந்தவை. சேப்பாக்கத்து அம்பயருக்கு லாகூரில் கிடைத்த வசதி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு வெளிநாட்டுக்காரர் அதே விரலைத் தூக்கியிருந்தால் நாம் நாலு நாள் திட்டிவிட்டு மறந்திருப்போம்.

4. மஞ்சள் சட்டை 07 (ஞாயிறு, இரவு 11:41)

டிஆர்எஸ் (வீடியோவில் பார்க்கும் ரிவ்யூ) இருந்திருந்தால் ஜெயித்திருப்போம். முடிந்தது கதை.

5. கணக்குப்பிள்ளை (திங்கள், காலை 7:20)

ஆபீசுக்குக் கிளம்பும் அவசரம். ஆனால் இந்தத் தலைப்பில் சும்மா இருக்க முடியவில்லை.

இங்கிலாந்தில் மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 1986 முதல் 2012 வரை நடந்த 1000 டெஸ்ட் மேட்சுகளை எடுத்து, எல்பிடபிள்யூ தீர்ப்புகளை (ஸ்டம்புக்குப் போகும் பந்து காலில் பட்டால் கொடுக்கும் அவுட்) மட்டும் எண்ணினார்கள். நல்ல ஐடியா. ஏனென்றால் அம்பயர் தன் புத்தியால் மட்டுமே முடிவு செய்யும் அவுட் அதுதான், போல்டுக்கு அவரிடம் யாரும் கேட்பதில்லை. இரண்டு உள்ளூர் அம்பயர்கள் நின்ற காலத்தில் வந்த அணிக்கு எல்பிடபிள்யூ அதிகம் விழுந்திருக்கிறது. 1994-லிருந்து ஒருவர் வெளிநாட்டுக்காரர் ஆனபோது அந்த இடைவெளி குறைந்தது. 2002-லிருந்து இரண்டு பேருமே வெளியாள் ஆனதும் காணாமல் போனது.

ஆக, உள்ளூர்ச் சாய்வு என்பது தோற்றவனின் புலம்பல் மட்டுமல்ல. எண்ணிப் பார்த்தால் தெரிகிறது.

ஆனால் இதை 'பிறந்த ஊர்ப் பாசம்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2002-ல் வெளியான இன்னொரு சோதனை: தகுதி பெற்ற 40 கால்பந்து ரெஃப்ரிகளை உட்கார வைத்து, லிவர்பூல் – லெஸ்டர் ஆட்டத்திலிருந்து 47 மோதல்களை வீடியோவில் காட்டி, ஃபவுலா இல்லையா என்று கேட்டார்கள். பாதிப் பேருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, பாதிப் பேருக்குச் சத்தமில்லாமல். சத்தம் கேட்டவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல் 15.5 சதவீதம் குறைவு. வந்த அணிக்கு எதிராக அதிகம் கொடுக்கவில்லை, அதைக் கவனியுங்கள். உள்ளூர் அணி செய்ததை விழுங்கினார்கள். அவ்வளவுதான்.

ஸ்பெயின் லீக்கில் கூடுதல் நேரத்தை அளந்து பார்த்த ஆய்வும் இருக்கிறது. உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் அந்த நேரம் நீள்கிறது. ஒரு கோல் முன்னால் இருந்தால் சுருங்குகிறது. கொரோனா காலத்தில் காலி மைதானத்தில் ஆடியபோது வந்த அணிகளுக்கு மஞ்சள் அட்டை விழுவது குறைந்ததையும் பல லீக்குகளில் பார்த்தார்கள். என்னைக் கேட்டால், சாய்வு பிறப்புச் சான்றிதழில் இல்லை. காதில் இருக்கிறது.

விசில்காரரே, உங்கள் கேஸ்தான் என் கணக்கில் உட்காரவில்லை. கூட்டம் யாருடையது?

6. வியாசை விசில் (திங்கள், காலை 8:05)

// கூட்டம் யாருடையது? //

முக்கால்வாசி எங்கள் ஆள்கள்தான். சத்தம் எல்லாம் நம் பக்கம். நான் ஊதியது அந்தச் சத்தத்துக்கு எதிராக. அதுதான் எனக்கும் புரியவில்லை.

7. தெருமுனை லெக்ஸ்பின் (திங்கள், காலை 11:30)

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? நாம் எல்லோரும் சின்ன வயதில் இதற்குத் தீர்வு கண்டுபிடித்துவிட்டோமே.

தெரு கிரிக்கெட்டில் அம்பயர் யார்? பேட்டிங் டீம் ஆள். அடுத்து இறங்க வேண்டியவன் ஸ்டம்புக்குப் பின்னால் இருக்கும் கல்மேல் உட்கார்ந்து அம்பயர் வேலை பார்ப்பான். உலகத்திலேயே இதைவிடப் பட்சபாதமான ஏற்பாடு உண்டா? ஆனாலும் ஆட்டம் நடந்தது. எப்படி? எல்பிடபிள்யூ கிடையாது! ஒருவன் மனசாட்சியை நம்பித்தான் ஒரு விதி நிற்கிறது என்றால் அந்த விதியையே தூக்கிவிட்டோம். வைடு பெரிய வைடாக இருந்தால்தான் வைடு. ரன் அவுட்டில் தகராறு வந்தால் ரீபால். ஆன்ட்டி வீட்டுக் காம்பவுண்டுக்குள் விழுந்தால் அவுட், அதில் அம்பயருக்கு வேலையே இல்லை, ஆன்ட்டியே பார்த்துக்கொள்வார்.

அதையும் மீறி அழுகுணி ஆட்டம் ஆடினவனுக்கு மறுநாள் டீமில் இடம் கிடையாது. பேட் அவனுடையதாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

8. தாமிரபரணிக்காரன் (திங்கள், பகல் 1:15)

நான் தென்காசிப் பக்கம், இப்போது அம்பத்தூர் வாசி. எங்கள் ஊரில் கோயில் கொடைக்குக் கபடி நடக்கும். உள்ளூர் அணியும் ஆடும், பரிசுப் பணமும் உள்ளூர்ப் பணம். அதனால் நடுவர்களை மட்டும் வெளியூரிலிருந்துதான் கூட்டிவருவார்கள். பஸ் செலவு, சாப்பாடு, கவரில் ஏதோ கொஞ்சம். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை போகும்.

அப்படியும் சாய்வு வரும். சாப்பாடு போடுவது யார்? உள்ளூர்க் கமிட்டி. மூன்று மணிக்கு டீ கொண்டுவந்து கொடுப்பவன் உள்ளூர் அணியின் ரைடருடைய தம்பி. 'படைக்கிறவன் தன்னவனானால் பந்தியில் எங்கே உட்கார்ந்தால் என்ன' என்று சொல்வார்களே, இங்கே அது தலைகீழ். பந்திக்கு வந்து உட்கார்ந்தவன் நடுவர், படைக்கிறவன் ஊர்க்காரன். இலையில் சோறு விழ விழ விசில் லேசாக இந்தப் பக்கம் சாயும்.

கபடியில் இன்னொரு தொல்லை. பாட்டு (மூச்சு விடாமல் சொல்லும் 'கபடி கபடி') விட்டதா, போனஸ் கோட்டைத் தாண்டும்போது பின்னங்கால் தரையில் இருந்ததா, சட்டை நுனியில் விரல் பட்டதா, எல்லாமே கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். தொட்டவனுக்கும் தொடப்பட்டவனுக்கும்தான் உண்மை தெரியும். இரண்டு பேருமே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள்.

9. மஞ்சள் சட்டை 07 (திங்கள், பகல் 1:40)

எல்லாம் செட்டிங் பாஸ். ஐபிஎல்லில் எந்த அம்பயர் எந்த ஊர் என்று ஒரு லிஸ்ட் போடுகிறேன், பாருங்கள். 2019-ல் ஜெய்ப்பூரில் தோனியே கிரவுண்டுக்குள் இறங்கினார் என்றால்

10. மட்டுறுத்துநர் (திங்கள், பகல் 2:10)

மேலே உள்ள பதிவின் பிற்பகுதி நீக்கப்பட்டது. ஆதாரமில்லாமல் பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட வேண்டாம். தலைப்பு சொந்த ஊர் நடுவர்கள் பற்றியது.

11. கணக்குப்பிள்ளை (திங்கள், மாலை 6:30)

மஞ்சள் சட்டைக்கு ஒரு திருத்தம். ஜெய்ப்பூர் மேட்சில் ஒரு அம்பயர் நோ-பால் என்று கையைத் தூக்கி, இன்னொருவர் இல்லை என்று மறுத்து, தோனிக்குக் கோபம் வந்து உள்ளே போனார். மேட்ச் சம்பளத்தில் பாதி அபராதம். அதில் ஊர்ப் பாசத்துக்கு எங்கே இடம்? குழப்பம் மட்டும்தான் இருந்தது.

உங்களுக்கு வேண்டியது சேப்பாக்கத்திலேயே இருக்கிறது. 2020-ல் கொரோனாவால் பயணம் முடியாமல் போனதும் ஐசிசி மறுபடி உள்ளூர் அம்பயர்களை டெஸ்டில் விட்டது. அதற்கு ஈடாக ஒவ்வொரு அணிக்கும் இன்னிங்ஸுக்கு ஒரு ரிவ்யூ கூடுதலாகக் கொடுத்தது. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்து வந்தபோது நம் அம்பயர்கள்தான் நின்றார்கள். முதல் டெஸ்டில் நாம் 227 ரன்னில் தோற்றோம், ரூட் 218. இரண்டாவதை 317 ரன்னில் ஜெயித்தோம், அஸ்வின் சதம். அந்த இரண்டாவது டெஸ்டில் ரூட்டுக்கு எல்பிடபிள்யூ கேட்டு, ரிவ்யூவில் 'அம்பயர்ஸ் கால்' (நூலிழை விஷயம், அம்பயர் சொன்னதே நிற்கும்) என்று அவர் தப்பித்ததும், நிதின் மேனனிடம் போய் நீண்ட நேரம் வாதாடியது யார்? கோலி. இந்திய அம்பயரிடம் இந்திய கேப்டன்.

இரண்டு நாடுகள் மட்டும் ஆடும் டி20 தொடர்களில் இப்போதும் களத்தில் நிற்பது உள்ளூர் அம்பயர்கள்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. ரிவ்யூ இருப்பதால் கோபம் மெஷின் மேல் போய்விடுகிறது.

12. பி.டி. டீச்சர் (திங்கள், இரவு 9:15)

நான் ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பள்ளியின் பெயர் வேண்டாம். இங்கே எல்லோரும் டெஸ்ட், லிவர்பூல் என்று பேசுகிறீர்கள். கீழ்மட்டத்தில் நியூட்ரல் என்ற ஆளே கிடையாது சார். மண்டல அளவில் வாலிபால், கோகோ, த்ரோபால் எல்லாம் நடத்துவது நாங்கள்தான். ஊதுவதும் நாங்கள், டீமைக் கூட்டி வருவதும் நாங்கள், காலையில் பிள்ளைகளுக்குப் பொங்கல் பொட்டலம் வாங்கிக் கொடுப்பதும் நாங்கள். முடிந்தவரை மாற்றிப் போடுவோம், நான் உங்கள் மேட்ச், நீங்கள் என் மேட்ச் என்று. ஒரே நாளில் பதினாறு மேட்ச் என்றால் எங்காவது இடிக்கும்.

அப்படி ஒருநாள் என் பள்ளி மேட்சுக்கு நானே ஊத வேண்டி வந்தது. வாலிபால். என் செட்டர் பெண் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள்), ஒன்பதாம் வகுப்பு. அவள் விரலில் பந்து ஒரு கணம் கூடத் தங்கினால் ஹோல்டிங் என்று ஊதினேன். எதிர் அணியின் செட்டர் பந்தைப் பூனைக்குட்டி மாதிரி பிடித்துத் தூக்கினாள், அதை விட்டேன். ஏன்? எதிர் அணி டீச்சர் கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேட்ச் முடிந்து அந்தப் பெண் கேட்டாள்: "மிஸ், நான் அவ்வளவு மோசமாவா எடுத்தேன்?" அடுத்த வருடம் அவள் டீமுக்கே வரவில்லை. கேட்டதற்குப் பத்தாம் வகுப்பு, டியூஷன் என்று சொன்னாள். இருக்கலாம்.

அதனால் விசில் அண்ணா, உங்கள் கேள்விக்கு என் பதில்: பயந்துதான் ஊதினீர்கள். நானும்.

நம் ஊரில் இதற்குப் பெரிய மரியாதை வேறு. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. கன்றுக்காகப் பெற்ற பிள்ளையைத் தேர்க்காலில் இட்ட ராஜா. நம்மவனைத் தண்டித்தால் அது நீதி என்று சின்ன வயதிலிருந்து மனதில் ஏறியிருக்கிறது. ஆனால் அந்தக் கதையில் கன்று உண்மையாகவே செத்துப்போனது. தேரை ஓட்டியதும் இளவரசன்தான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. உங்கள் பையன் கையில் பந்து படவே இல்லையே அண்ணா. செய்யாத தப்புக்குச் சொந்தப் பிள்ளையைத் தேர்க்காலில் இட்டால் அதற்கு என்ன பெயர்?

13. தெருமுனை லெக்ஸ்பின் (திங்கள், இரவு 9:22)

டீச்சர், 🙏

14. வியாசை விசில் (திங்கள், இரவு 11:55)

டீச்சர் எழுதியதை மூன்று தடவை படித்தேன்.

மொத்த மேட்ச் வீடியோவும் இப்போது கையில் இருக்கிறது. உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன், எங்கள் பையன்களுக்கு எதிராக நான் கொடுத்த ஒவ்வொன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு. பெனால்டியை விடுங்கள். முதல் பாதியிலேயே த்ரோ-இன் இரண்டு தப்பு, இரண்டும் எங்களுக்கு எதிராக. ஒரு ஃப்ரீ கிக் கொடுத்தேன், ஏன் கொடுத்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. இன்னொரு இடத்தில் காசிமேட்டுப் பையன் சட்டையைப் பிடித்து இழுக்கிறான், நான் ஐந்தடி தூரத்தில் நிற்கிறேன், ஆடு ஆடு என்று கை காட்டுகிறேன். கணக்குப்பிள்ளை சொன்ன ஆய்வில் ரெஃப்ரிகள் விழுங்கினார்களே, நானும் விழுங்கியிருக்கிறேன். மறுபக்கத்துக்கு.

எங்கள் கேப்டன் இடைவேளையில் என்னிடம் வந்து, "அண்ணே, நாங்களும் விளையாட வந்திருக்கோம்" என்றான். நான் அவனுக்கு மஞ்சள் அட்டை காட்டினேன். அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

15. டிஃபன் சென்டர் மிட்ஃபீல்டர் (செவ்வாய், காலை 8:40)

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் இதே கதை. அங்கே ரெஃப்ரிகள் தாங்கள் எந்த அணியின் ரசிகர் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். ரெஃப்ரி ஆந்தனி டெய்லர் மான்செஸ்டரில் உள்ள விதன்ஷா என்ற இடத்துக்காரர். 2016 அக்டோபரில் லிவர்பூல் – மான்செஸ்டர் யுனைடெட் மேட்சுக்கு அவரைப் போட்டார்கள். அப்போதே பேப்பரெல்லாம் அமளி. யுனைடெட்டின் மேலாளர் மொரின்யோ, இந்த மனிதர்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றினால் அவர் எப்படி நன்றாக ஊதுவார் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். மேட்சுக்கு முன்னால் ரெஃப்ரியைப் பற்றிப் பேசியதற்கு 50,000 பவுண்டு அபராதம். மேட்ச் 0-0.

கவனித்தீர்களா, சலுகை கிடைக்க வேண்டியவர் என்று உலகம் சொன்னவரே கவலைப்பட்டார். மான்செஸ்டர்க்காரர் மான்செஸ்டர் அணியைக் கடித்துவிடுவாரோ என்ற பயம் அது. விசில் அண்ணனுடைய கேப்டனின் பயமும் அதேதான்.

அப்புறம், வெளியாளைப் போட்டால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு இரண்டு உதாரணம். 1988 சியோல் ஒலிம்பிக் குத்துச்சண்டை இறுதிப் போட்டி: ராய் ஜோன்ஸ் ஜூனியர் 86 குத்து, பார்க் சி-ஹுன் 32 குத்து என்று கணக்கு வந்த சண்டையில், 3-2 என்று கொரியாக்காரருக்குத் தங்கம். ஐந்து நீதிபதிகளில் ஒருவர்கூடக் கொரியர் இல்லை. 2002 உலகக் கோப்பையில் இத்தாலியைக் கொரியா வெளியேற்றிய மேட்சில் இத்தாலியின் டோட்டிக்குச் சிவப்பு அட்டை காட்டிய ரெஃப்ரி மொரேனோ, ஈக்வடார்க்காரர். எங்கே இருக்கிறது ஈக்வடார், எங்கே இருக்கிறது கொரியா!

16. அல்லிக்கேணிப் பெரிசு (செவ்வாய், பகல் 12:20)

டிஃபன் சென்டர் தம்பி சொல்வது சரி. வெளியாள் என்றால் யோக்கியன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மொரேனோ பாதகமில்லாமல் ஊருக்குத் திரும்பிப் போகலாம், இத்தாலிக்காரன் அவர் தெருவில் குடியிருக்கவில்லை. நம் விசில் தம்பி மேட்ச் முடிந்ததும் போக வேண்டியது எங்கே? இட்லிக் கடை தாண்டி.

நியூட்ரல் என்ற ஏற்பாட்டை எல்லோரும் ஆட்டத்தைக் காப்பாற்ற வந்தது என்று நினைக்கிறார்கள். என் கணக்கில் அது அம்பயரைக் காப்பாற்ற வந்தது. 1987-ல் ஃபைசலாபாத்தில் இங்கிலாந்து கேப்டன் கேட்டிங்கும் பாகிஸ்தான் அம்பயர் ஷகூர் ராணாவும் விரலை நீட்டிச் சண்டை போட்டு ஒரு நாள் ஆட்டமே நின்றுபோனதே, அங்கே ராணா ஒரு அம்பயராக மட்டும் நின்றிருந்தால் சண்டை அரை மணியில் முடிந்திருக்கும். பாகிஸ்தானாகவும் நிற்க வேண்டியிருந்தது.

இதில் ஒரு நஷ்டமும் உண்டு. நம் வெங்கட்ராகவன். சென்னைக்காரர், இந்தியாவுக்கு கேப்டனாக இருந்தவர், அம்பயராக 73 டெஸ்ட். 2002-ல் ஐசிசி எலீட் பேனல் (உயர்மட்ட அம்பயர்கள் குழு) தொடங்கியபோது முதல் பட்டியலிலேயே இருந்தார். இரண்டு பேரும் நியூட்ரல் என்று விதி வந்ததும், அவர் உலகம் முழுக்க நிற்கலாம், இந்தியா ஆடும் டெஸ்டுக்கு மட்டும் நிற்க முடியாது, தன் ஊர்ச் சேப்பாக்கத்தில்கூட. 2004-ல் ஓய்வு பெற்றார். நல்ல அம்பயர் உள்ள ஊருக்கு அவர் கிடைக்க மாட்டார். அதுதான் விலை. கொடுக்க வேண்டிய விலைதான் என்று நினைக்கிறேன், ஆனாலும் வயிற்றெரிச்சல்.

17. பி.டி. டீச்சர் (செவ்வாய், இரவு 8:30)

// அம்பயரைக் காப்பாற்ற வந்தது //

ஒப்புக்கொள்கிறேன் சார். ஆனால் எங்கள் மட்டத்தில் அந்த விலையைக் கொடுக்க ஆளே இல்லையே. வேறு வழியில்லாமல் சொந்த அணிக்கு ஊத நேர்ந்தால் நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். சந்தேகமான பந்தை ஊதுவதில்லை, இரண்டு பக்கத்துக்கும். தெளிவாகப் பார்த்ததை மட்டும் ஊதுவேன். யாராவது கத்தினால், பார்க்கவில்லை என்று சொல்லிவிடுவேன். பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்ள முதலில் வெட்கமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. லைனில் நிற்பவர் எதிர் அணி டீச்சராக இருக்கும்படியும் பார்த்துக்கொள்வேன். அவர் கொடி தூக்கினால் கேள்வி கேட்பதில்லை.

18. தாமிரபரணிக்காரன் (செவ்வாய், இரவு 9:05)

டீச்சர் ஊதினால் எங்கள் ஊர்க் கொடைக்கு வாங்க. பஸ் செலவு கமிட்டி, டீ நான்.

19. மஞ்சள் சட்டை 07 (செவ்வாய், இரவு 9:40)

சரி, நான் ஒத்துக்கொள்கிறேன், எல்லாமே செட்டிங் இல்லை. சிலது பயம். ஆனால் 86-ல் அது பேட்டில் பட்டதுதான். எங்கள் அப்பாவும் கிரவுண்டில்தான் இருந்தார்.

20. அல்லிக்கேணிப் பெரிசு (செவ்வாய், இரவு 9:52)

எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்?

21. மஞ்சள் சட்டை 07 (செவ்வாய், இரவு 9:55)

கேட்டுச் சொல்கிறேன்.

22. வியாசை விசில் (புதன், இரவு 10:15)

இன்று சாயங்காலம் பையன்கள் பிராக்டிஸ் செய்யும் இடத்துக்குப் போனேன். வீடியோவைக் காட்டி, இது தோள், நான் ஊதியது தப்பு என்றேன். டிஃபெண்டர் பையன் ஒன்றும் பேசவில்லை, பூட்ஸ் லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தான். கேப்டன் மட்டும், "காசிமேட்டுக்காரங்ககிட்டயும் சொன்னீங்களாண்ணே?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. போன் போட்டுச் சொன்னேன். அந்தக் கோச், "விடுங்கண்ணே, எங்களுக்கு அப்பவே தெரியும்" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது! இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இட்லிக் கடைக்கும் போனேன். நாலு இட்லி வைத்தார். சட்னி கேட்டேன். தீர்ந்துபோச்சு என்றார். பாத்திரம் நிறைய இருந்தது.

இப்போது ஒரு உதவி. வரும் ஞாயிறு காலை 9 மணிக்கு வேறொரு போட்டியில் எங்கள் ஏரியா அணியின் மேட்ச் என் பெயரில் விழுந்திருக்கிறது. யாராவது மாற்றிக்கொள்ள முடியுமா? உங்கள் மேட்ச் எதுவாக இருந்தாலும் நான் ஊதுகிறேன்.

23. ராயபுரம் லைன்ஸ்மேன் (புதன், இரவு 10:48)

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு ஞாயிறு 9 மணிக்கு ராயபுரம் பையன்கள் மேட்ச். எனக்கும் அதே பிரச்சினைதான், கீப்பர் என் மச்சான் மகன். நீங்கள் அங்கே, நான் உங்கள் இடத்தில். அமைப்பாளரிடம் நான் பேசுகிறேன்.

காலைச் சாப்பாட்டுக்கு அந்த இட்லிக் கடை எந்தத் தெரு என்று மட்டும் சொல்லுங்கள். எனக்குச் சட்னி கிடைக்கும்.

24. பி.டி. டீச்சர் (புதன், இரவு 10:53)

ராயபுரம் அண்ணா, மேட்ச் முடிந்த பிறகு போய்ச் சாப்பிடுங்கள். முன்னால் வேண்டாம்.